‘என்னை மட்டும் கூப்பிடவில்லை’: பிள்ளையின் கையில் போன் இருக்கும் வீடுகளுக்கு ஒரு கணக்கு டீச்சரின் குறிப்புகள்

சென்ற ஆண்டு ஏப்ரலில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த மூன்றாம் நாள், என் மகள் மதியம் சாப்பிட வரவில்லை. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்றால் கூப்பிடாமலே வந்து உட்காருகிறவள். அறைக்குள் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டால் சூடு இல்லை. அரை மணி நேரம் கழித்து அவளாகவே போனை என்னிடம் நீட்டினாள். அவளுடைய தோழிகள் நான்கு பேர் முக்கொம்புப் பூங்காவில் நிற்கும் படம். ஒருத்தி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்; இன்னொருத்தி கையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று.

“என்னை மட்டும் கூப்பிடவில்லை” என்றாள்.

நான் உடனே மூன்று தவறுகளை வரிசையாகச் செய்தேன். “ஏப்ரல் வெயிலில் முக்கொம்பில் என்ன இருக்கிறது, காவிரியில் வெறும் மணல்தான் கிடக்கும்” என்றேன். “படத்துக்காகச் சிரிக்கிறார்கள், அதையெல்லாம் நம்பாதே” என்றேன். கடைசியாக, “நாளைக்கு அப்பாவோடு நாம் மூன்று பேரும் போய்விட்டு வருவோம்” என்றேன். அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். “உங்களோடு போக முடியவில்லையென்றா அழுகிறேன்?”

திருச்சியில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளைப் பார்த்தவள் என்ற இறுமாப்பு எனக்கு உண்டு. சொந்த வீட்டில் அது அன்று உதவவில்லை. அதற்குப் பிறகு மகளிடமும் வகுப்பிலும் பலவற்றை முயன்று பார்த்தேன். சில பலித்தன, சில நிலைமையை மோசமாக்கின. பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பயன்படும் என்று தோன்றுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இந்தப் பயத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஃபோமோ. நாம் இல்லாத இடத்தில் ஏதோ நல்லது நடக்கிறது, அது நம்மை விட்டுப் போகிறது என்ற தவிப்பு. 2013இல் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதை அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் என் கவனத்தைப் பிடித்தன. உறவின் நெருக்கம், தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரம், ‘என்னால் முடியும்’ என்ற நிறைவு ஆகியவை யாருக்குக் குறைவாகக் கிடைக்கின்றனவோ அவர்களுக்கு இந்தத் தவிப்பு கூடுதலாக இருந்தது. மற்றொன்று, இளைஞர்களில் ஆண்களுக்கு இது சற்று அதிகமாகவே இருந்தது. பெண் பிள்ளைகளின் சிணுங்கல் என்று நினைக்கும் அப்பாக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பையன்கள் அழுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

முதல் நாள் இரவு

‘அதெல்லாம் பொய்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மேடையில் பேசுகிறவர்களும் கட்டுரை எழுதுகிறவர்களும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பிள்ளைக்கு அது தெரியாதா? அவளும்தான் பத்துப் படம் எடுத்து ஒன்பதை அழித்துவிட்டு ஒன்றைப் போடுகிறாள். தவிர, அது எப்போதும் பொய்யும் அல்ல. முக்கொம்புக்குப் போன அந்த நால்வரும் அன்று உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள். பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொல்லி யாரையும் தேற்ற முடியாது.

‘நாங்கள் எல்லாம் இப்படியா இருந்தோம்’ என்பதும் வேண்டாம். இருந்தோம். 1991இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கும் பூம்புகாருக்கும் சுற்றுலா. எனக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடையில் மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். திங்கள்கிழமை வகுப்புக்குப் போனபோது, எல்லோரும் பஸ்ஸில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. முப்பது ஆண்டுகள் ஆகியும் மறக்கவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். எனக்கு அது திங்கள்கிழமை, நடந்து முடிந்த செய்தியாக வந்தது. என் மகளுக்கு நடக்க நடக்க வந்தது: பஸ் ஜன்னல், டிக்கெட் கொடுக்கும் இடம், ஊஞ்சல், தூக்குவாளியில் புளியோதரை என்று காலையிலிருந்து பதினொரு படங்கள். நான் ஒரு முறை விடுபட்டேன். அவள் பதினொரு முறை விடுபட்டாள்.

ஆகவே முதல் நாள் இரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் உட்காருங்கள். “கஷ்டமாகத்தான் இருக்கும்” என்று சொல்லுங்கள். போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால், அடுத்த முறை அழுகையை உங்களிடம் காட்ட மாட்டாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்; ஒரு நாள் ஒழுக்கம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இரண்டு நாள் கழித்து, முகம் தெளிந்திருக்கும் நேரத்தில் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் வாக்குமூலம் வாங்குவது போல ஆகிவிடும். வெண்டைக்காய் நறுக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டால் பதில் வரும். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: “எது விட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது?” முதலில் “எல்லாம்” என்பாள். விடாமல் மெதுவாகக் கேட்டால் இரண்டு பெயர்களோ ஒரு குழுவோ ஒரு குறிப்பிட்ட நேரமோ வெளியே வரும். என் மகளுக்கு அது மூன்றாக வந்தது. கூப்பிடாமல் போன நால்வர். எல்லோரும் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்ற எண்ணம். பிறகு, அறுந்துவிடக் கூடாது என்று ஒரு தோழியோடு 214 நாளாகக் காப்பாற்றி வந்த ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக், அதாவது நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பும் தொடர். மூன்றுக்கும் ஃபோமோ என்று ஒரே பெயர்தான், மருந்து வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே கஷாயத்தில் போட்டுக் காய்ச்சுவதால்தான் ‘ஒரு மாதம் போனை நிறுத்து’ என்ற வைத்தியம் தோற்கிறது. நானும் அதைச் செய்து தோற்றவள்தான். செயலியை அழிக்கச் சொன்னேன், அழித்தாள். பத்தாம் நாள் அவளுடைய சித்தி மகளின் போனில் புதுக் கணக்கு ஒன்று இருப்பது தெரிந்தது. நேரப் பூட்டு போட்டேன். எண் என்னுடைய பிறந்த நாள் என்பதை முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

எட்டுப் பேர் கணக்கு

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், இது என் தொழில் என்பதால்.

ஒரு சனிக்கிழமை மாலை மகளிடம் பழைய நோட்டின் பின்பக்கத்தைக் கொடுத்து உட்கார வைத்தேன். இன்ஸ்டாகிராமில் அவள் யார் யாரைப் பின்தொடர்கிறாளோ அவர்கள் 240 பேர். ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வெளியே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம், ஒரு பிறந்த நாள், ஒரு சினிமா. 240ஐ 30ஆல் வகுத்தால் 8. அதாவது எந்த நாள் போனைத் திறந்தாலும் எட்டுப் பேர் எங்கேயாவது குதூகலமாக இருப்பார்கள். அந்த எட்டுப் பேரும் மீதி 29 நாளும் வீட்டில்தான் கிடக்கிறார்கள். ஆனால் வீட்டில் கிடப்பதை யார் படம் எடுத்துப் போடுகிறார்கள்? மாதம் ஒரு நாள் வெளியே போகும் 240 சாதாரணப் பிள்ளைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தால், தினமும் எட்டு இடங்களுக்குப் போகும் ஒரு பூதம் கிடைக்கிறது. அவள் தன்னை அந்தப் பூதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆனால் சிலர் தினமும் போடுகிறார்களே” என்றாள். நல்ல கேள்வி. அப்படி ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டோம். மாதத்துக்கு அவர்களிடமிருந்து மட்டும் 150 படங்கள். மற்ற 235 பேரிடமிருந்து ஆளுக்கு ஒன்று, 235. மொத்தம் 385. ஐந்தே பேர் அவள் பார்க்கும் உலகத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பிவிடுகிறார்கள். யார் அந்த ஐவர் என்று அவளே விரல் மடக்கிச் சொன்னாள். ஒருத்தியின் அப்பா கார் வியாபாரி என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் உண்டு. 1991இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதினார்: சராசரியாகப் பார்த்தால் உங்களைவிட உங்கள் நண்பர்களுக்குத்தான் நண்பர்கள் அதிகம். கேட்டால் குதர்க்கம் போலத் தோன்றும். காரணம் எளிமையானது. நிறைய நண்பர்கள் உள்ள பிள்ளை நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பாள். இரண்டே நண்பர்கள் உள்ளவள் இரண்டு பட்டியலில்தான் இருப்பாள். ஆகவே யாருடைய பட்டியலை எடுத்தாலும் கலகலப்பானவர்களே கூடுதலாகத் தென்படுவார்கள். ‘எனக்குத்தான் நண்பர்கள் குறைவு’ என்ற எண்ணம் வகுப்பில் பெரும்பாலோருக்கு வருவதற்கு அவர்களிடம் ஒரு குறையும் இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையின் அமைப்பே போதும்.

வகுப்பில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயர் எழுதாமல், ‘போன ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை என்ன செய்தாய்’ என்று எழுதச் சொன்னேன். 42 சீட்டுகள். வீட்டுப்பாடம் அல்லது டியூஷன் 17. தூக்கம் 9. டிவி 6. வீட்டு வேலை 5. அதில் ஒன்று ‘மாவு அரைத்தேன், கிரைண்டர் நடுவில் நின்றுவிட்டது’. கோயில், உறவினர் வீடு 3. நண்பர்களோடு வெளியே போனவர்கள் 2. சீட்டுகளை நான் உரக்க வாசிக்க வாசிக்க, முதலில் சிரிப்பு, பிறகு ஒரு மாதிரியான அமைதி. ‘கிரைண்டர் நின்றுவிட்டது’ யாருடையது என்று கண்டுபிடிக்க அரை வகுப்பு முயன்றது. வெளியே போன இருவரில் ஒருத்தி சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘அங்கே இருந்தபோதும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று போனில் பார்த்தேன் டீச்சர்.’

ஆசிரியர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம், ஒரு பாடவேளையில் பாதி போதும். வீட்டில் செய்வதானால் நோட்டும் பேனாவும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். நீங்கள் போட்டுக் காட்டினால் அது உபதேசமாகிவிடும். அழுகிற நாளில் மட்டும் செய்யாதீர்கள். அன்று கணக்குச் சொன்னால் என் மீதே புத்தகம் பறந்து வந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு போன்கள்

மூன்றாவது வகைப் பயம், கருவி உண்டாக்கும் அவசரம். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இப்போது பார்க்காவிட்டால் இனி இல்லை. ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் அறுந்துவிடாமல் இருக்க, இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பியாக வேண்டும். நேரம் முடியப்போகிறது என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணல் கடிகாரம் தோன்றும். என் மகள் அனுப்பிய படங்களைக் காட்டினாள். பெரும்பாலும் கூரை மின்விசிறி. 214 நாள் நட்பில் மின்விசிறிதான் அதிகம் இருந்தது. தேர்வுக்கு முந்தின இரவிலும் மின்விசிறி போயிருக்கிறது. பிறகு, விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் ஓடும் பக்கம். 2006இல் இந்த அமைப்பை உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருத்தப்பட்டார். ‘கடைசி’ என்று ஒன்று இருந்தால்தானே பார்த்து முடித்தேன் என்று எழுந்திருக்க முடியும்?

இங்கே அறிவுரை வேண்டாம், அமைப்புகளை மாற்றினால் போதும். ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு போன்களையும் மேசையில் வையுங்கள். ஒன்று பிள்ளையுடையது, மற்றொன்று உங்களுடையது. உங்களுடையது இல்லையென்றால் இது விசாரணை. இருந்தால் கூட்டு வேலை.

முதலில் எண்ணிக்கை. ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியும் ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியும் இருக்கும். எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பதைவிட, எத்தனை அறிவிப்புகள் வந்தன, எத்தனை முறை போனைக் கையில் எடுத்தோம் என்பதைப் பாருங்கள். தவிப்பின் நாடித்துடிப்பு அங்கேதான் தெரியும். அன்று என் எண்ணிக்கை மகளுடையதைவிட அதிகம். பள்ளி ஊழியர் குழுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

அடுத்து, அறிவிப்புகள். நேரடியாக அவளுக்கென்று ஒருவர் எழுதும் செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். ‘இன்னார் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்’, ‘நீங்கள் பார்க்காதவை இதோ’ போன்றவை எல்லாம் போயின. வாட்ஸ்அப் குழுக்களை எப்போதைக்குமாக மியூட் செய்து ஆர்க்கைவ் பகுதிக்குள் தள்ளலாம். புதுச் செய்தி வந்தாலும் அவை மேலே எழும்பி வராது. வெளியேறிவிடலாம் என்று நினைக்கும் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறவும் முடியும், குழுவின் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு போகும்.

மிகவும் உதவியது இதுதான்: மனதைக் கிளறும் சிலரை மட்டும் மியூட் செய்வது. இன்ஸ்டாகிராமில் ஒருவருடைய ஸ்டோரி வட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த வசதி வரும். பின்தொடர்வதை நிறுத்தினால் தெரிந்துவிடும், சண்டை வரும். மியூட் செய்தால் அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. நட்பும் கெடாது, கண்ணிலும் படாது. கணக்கில் வந்த ஐவரில் மூவரை அவள் மியூட் செய்தாள். எந்த மூவர் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்த ‘டீன் அக்கவுண்ட்’ பிறகு இந்தியாவுக்கும் வந்தது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், 60 நிமிடம் ஆனதும் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் கணக்கு தொடங்கும்போது உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்திருக்க வேண்டும். என் மகள் 1999 என்று கொடுத்திருந்தாள். 1999இல் நானே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரீக்கை அறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தத் தோழியிடம் அவளே பேசினாள். “எனக்கும் தொல்லையாகத்தான் இருக்கிறது, நீ கோபித்துக்கொள்வாயோ என்று நினைத்தேன்” என்றாளாம் அவள். 231ஆம் நாளோடு நின்றது.

இரவும் வீட்டுப்பாடமும்

இரவு ஒன்பதரைக்கு மேல் மூன்று போன்களும் கூடத்தில், டிவி மேசைக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும். எங்களுடையதும் சேர்த்துத்தான். ‘அலாரத்துக்கு வேண்டும்’ என்ற சாக்கு வந்தது. ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டோம். அதன் சத்தம் சகிக்கவில்லை, அதனால் எல்லோரும் எழுந்துவிடுகிறோம்.

இங்கே ஒரு யோசனை. ‘ஏன் ராத்திரி பதில் போடவில்லை’ என்று தோழிகள் கேட்டால், “அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள்” என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். ‘நான் தூங்கப் போகிறேன்’ என்று சொல்வது அந்த வயதில் மதிப்புக் குறைவு. கொடுமைக்கார அம்மா என்றால் அனுதாபம் கிடைக்கும். வில்லி வேஷம் கட்டுவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் ஒரு பயம் மட்டும் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக் குழுவில் இரவு பத்து மணிக்கு, ‘நாளை தேர்வு, மூன்றாம் பாடமும் உண்டு’ என்று செய்தி வரும்போது, போனைக் கூடத்தில் வைத்த பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதோ விட்டுப்போகிறது. அந்தக் குற்றவாளிகளில் நானும் ஒருத்தி. விடைத்தாள் திருத்தி முடித்த வேகத்தில் ஒன்பதே முக்காலுக்குச் செய்தி போட்டிருக்கிறேன். இப்போது ஏழு மணிக்கு மேல் போடுவதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் இது நடந்தால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அதுவரை, அவசரம் என்றால் உங்கள் எண்ணுக்குக் கூப்பிடும்படி ஒரு தோழியிடம் சொல்லிவைக்கலாம்.

முக்கொம்பு

மூன்றில் முதல் பயத்தை, கூப்பிடாமல் போன நால்வரின் கதையை, இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நால்வரும் ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்பது மே மாதம்தான் தெரிந்தது. அவர்களில் ஒருத்தி புத்தகம் வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோர் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும் ஆன்ட்டி. மூன்று தடவை கேட்டோம். கேட்டுவிட்டு அவள் வரவில்லை என்றால் அவளுக்கும் கஷ்டம். அதனால் இந்தத் தடவை சொல்லவே இல்லை.”

மூன்று தடவையும் எனக்கு நினைவிருந்தது. மலைக்கோட்டைக்குப் போகலாம் என்றபோது, தெப்பக்குளம் பக்கம் நெரிசல் என்றேன். ஒரு பிறந்த நாளுக்கு, இருட்டிவிடும் என்றேன். மூன்றாவதுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை, வேண்டாம் என்றேன். வெளி வாசலைச் சாத்திவிட்டு, ‘ஏன் எப்போதும் ஜன்னலிலேயே நிற்கிறாய்’ என்று போனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெண் பிள்ளையைப் பெற்ற பயம் எனக்கும் உண்டு, அது பொய்யில்லை. அதனால் வாசலை அகலத் திறந்துவிடச் சொல்லவில்லை. நாங்கள் செய்தது இவ்வளவுதான். மாதம் ஒரு முறை, பகலில், யார் யார், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சொல்லிவிட்டுப் போகலாம். போன இடத்திலிருந்து ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். நான் நடுவில் கூப்பிட மாட்டேன். இந்தப் பிந்தைய நிபந்தனைதான் கடினம். முதல் முறை மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை எண்ணை அழுத்தப் போய்க் கையை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தால் காரணத்தோடும் மாற்றோடும் சொல்லுங்கள்: ‘இருட்டிய பிறகு வேண்டாம், ஞாயிறு காலை என்றால் சரி.’ வெளியே அனுப்பவே முடியாத வீடாக இருந்தால் வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பெரிய விருந்தெல்லாம் தேவையில்லை. பஜ்ஜியும் மொட்டைமாடியும் போதும். பெரியவர்கள் யாரும் மாடிப்படி ஏறக் கூடாது என்பது மட்டும் முக்கியம்.

நண்பர்கள் வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால் அது வேறு விஷயம். மியூட்டும் கணக்கும் அங்கே உதவாது, வகுப்பாசிரியரிடம் போங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது’ என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் தாங்களே கூப்பிடக்கூடிய எண் 1098. எங்கள் வீட்டில் இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கேஸ் பதிவு செய்யும் எண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன். தனியாக ஒட்டினால் கண்ணை உறுத்தும்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு சீப்பு வாழைக்காய் தீர்ந்தது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம், நடுவில் ஏதோ உருண்ட சத்தம், மறுபடி சிரிப்பு. நான் படிப்பக்கம் போகவில்லை. எல்லோரும் போன பிறகு மகள் சமையலறையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பேரும் பஜ்ஜியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் நல்ல படம். போடப் போனவள் நிறுத்திவிட்டாள். அவர்கள் கூட்டத்தில் இன்னொருத்தி லால்குடியிலிருந்து வருகிறவள். அன்று வீட்டில் விடவில்லையாம். “நாளைக்குப் பள்ளியில் அவளிடம் சொல்லிவிட்டுப் போடுகிறேன். இப்போது பார்த்தால் அவளுக்கு...” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பஜ்ஜியைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள்.

அடுத்ததை லால்குடி பஸ் நேரத்தைப் பார்த்து, காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் பேச வேண்டுமாம். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.